மூன்று வாரத் தவணையில் படித்தவை

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை இதற்கு முன் இரண்டு முறை பாதியிலேயே நூலகத்தில் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். மூன்றாம் முறை முடித்தேன். முடித்த கையோடு மறுபடியும் முதல் பக்கத்துக்குப் போனேன். கடந்த பதினான்கு மாதங்களில் தமிழில் படித்த கதைகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால், கை முதலில் இந்த நாவலைத்தான் எடுக்கிறது.

படிப்பதெல்லாம் சிங்கப்பூர் ரயிலில். ஈசூனில் ஏறி ராஃபிள்ஸ் பிளேசில் இறங்க ஏறக்குறைய நாற்பது நிமிடம், மாலையில் அதே நாற்பது. புத்தகங்கள் வழியில் உள்ள அங் மோ கியோ நூலகத்திலிருந்து வருகின்றன. 21 நாள் தவணை, ஒருமுறை நீட்டிக்கலாம். காசு கொடுத்து வாங்கிய புத்தகம் வீட்டில் ஆண்டுக்கணக்கில் பொறுமையாகக் காத்திருக்கும். தவணைப் புத்தகம் அப்படி இருக்காது. அந்தக் கெடுதான் என்னை மறுபடியும் தமிழ் வாசகராக்கியது. சிங்காரத்தை இரண்டு முறை கை நழுவ விட்டதும் அதே கெடுதான்.

தடுக்கியது முதல் ஐம்பது பக்கங்கள். ஜப்பானியர் நுழையும் மேடான் (இந்தோனேசியாவின் சுமத்ராத் தீவில் உள்ள நகரம்), டச்சுத் தெருப் பெயர்கள், செட்டியார் கடைகளின் தொழில் பேச்சு எல்லாம் ஒன்றாக மேலே வந்து விழும். அடுத்தாள் யார், பெட்டியடி யார் என்று எந்த விளக்கமும் கிடையாது. பாண்டியன் வட்டிக்கடையில் வேலை பார்க்க வந்தவன். போர் அவனைத் தொங்கான் என்ற சரக்குப் படகில் ஏற்றிப் பினாங்குக்கும், பிறகு இந்திய தேசிய ராணுவத்துக்கும் கொண்டுபோகிறது. ஆசிரியரே 1938இல் சிங்கம்புணரியிலிருந்து மேடானுக்குக் கப்பலேறியவர். தான் அறிந்த உலகத்தை அப்படியே கொட்டுகிறார். நாம்தான் ஓடிப் பிடிக்க வேண்டும்.

எனக்குப் பிடி கிடைத்தது அலுவலக உணவு இடைவேளையில். மார்க்கெட் ஸ்திரீட்டில் பல ஆண்டுகளாக நடக்கிறேன். அங்கேதான் செட்டியார் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு சாய்வு மேசை, ஒரு பெட்டி. பகலில் கணக்கு, இரவில் அங்கேயே பாய் விரித்து உறக்கம். இன்று அந்த இடத்தில் கண்ணாடிக் கோபுரங்கள். நாவலில் வரும் கிட்டங்கி வாழ்க்கை ஏதோ தூர தேசத்துக் கதை என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அது நான் சோறு வாங்க நடக்கும் தெருவின் கதை என்று ஒரு நண்பகலில் உறைத்தது. அதன் பிறகு பக்கங்கள் தாமாக நகர்ந்தன. மலாய்ச் சொற்களுக்கும் எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

இது தமிழகத்தில் 1972இல் வெளிவந்த நாவல்தான். ஆனாலும் இதன் இயல்பான வாசகர்கள் மலாக்கா நீரிணையின் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நேதாஜி தற்காலிக அரசை அறிவித்தது 1943 அக்டோபர் 21, இங்கே கத்தே கட்டடத்தில். எஸ்பிளனேட் பூங்காவில் அவருடைய இந்திய தேசிய ராணுவத்துக்கு ஒரு நினைவுக்குறி இருக்கிறது. அதைக் கடந்து நடப்பவர்களுக்கு, அந்தச் சீருடைக்குள் இருந்த வட்டிக்கடைப் பையனின் பசியும் திமிரும் ஊர் ஏக்கமும் எப்படி இருந்தன என்று சொல்லக்கூடிய புத்தகம் இது. தொங்கான் புயலில் சிக்கும் பகுதியைப் படித்த மாலை, இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டி செம்பவாங் வரை போய்விட்டேன்.

குறையும் உண்டு. பெண்கள் யாரும் முழு உருவம் பெறுவதில்லை. தமிழ்ப் பெருமையைக் கிழித்துத் தொங்கவிடும் நண்பர்களின் உரையாடல்கள் முதலில் சுவைத்தாலும் பின்னர் நீளுகின்றன. இரண்டாம் வாசிப்பில் அவற்றில் சிலவற்றை வேகமாகப் புரட்டினேன். அவருடைய இன்னொரு நாவலான ‘கடலுக்கு அப்பால்’ இதைவிட ஒழுங்கானது, எளிதானது. போரிலிருந்து திரும்பிய செல்லையாவும் முதலாளி மகள் மரகதமும் மனத்தில் நிற்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவர் அதிலிருந்து தொடங்கட்டும். இதே போர்க்காலத்தை சிங்கப்பூரில் வைத்து எழுதிய மா. இளங்கண்ணனின் ‘வைகறைப் பூக்க’ளையும் கூடவே எடுத்துக்கொள்ளலாம், அதைப் பற்றி விரிவாகப் பேச இன்னொரு வாசிப்பு வேண்டும்.

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ மெலிந்த புத்தகம். நான்கு நாள் பயணத்தில் முடிந்துவிட்டது. சென்னைத் தெரு ஒன்றில் குழாய் வறண்டு கிடக்க, குடத்தோடு அலையும் ஜமுனா, அவளுடைய தங்கை சாயா. எழுத்தில் எங்கும் குரல் உயர்வதில்லை. டீச்சரம்மா தன் வாழ்க்கையை ஜமுனாவிடம் சொல்லும் இடத்தில்கூட ஆறுதல் மொழி இல்லை. இருப்பதை இருப்பதாகச் சொல்கிறாள், அவ்வளவுதான். அந்த வறண்ட சொற்களே ஜமுனாவை எழுந்து நிற்க வைக்கின்றன. தமிழில் இதற்கு இணையான பக்கங்களை நான் அதிகம் படித்ததில்லை.

திருகினால் கொட்டும் குழாய் உள்ள வீட்டில் இந்த நாவல் ஒட்டுமா என்ற ஐயம் இருந்தது. அம்மாவிடம் கதையைச் சொன்னபோது அவர் 1963ஆம் ஆண்டுக்குப் போய்விட்டார். மழை பொய்த்து, சிங்கப்பூரில் மாதக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு இருந்த காலம். அப்போது அவருக்குப் பத்து வயது. மண்ணெண்ணெய் டின்னைக் கழுவி எடுத்துக்கொண்டு பொதுக்குழாயில் நின்றதையும், வரிசையில் முந்தியவளின் பின்னலைப் பிடித்து இழுத்ததையும் சொன்னார். நாற்பத்தைந்து ஆண்டுகளாக அவரோடு இருக்கிறேன். இதை இதற்கு முன் சொன்னதே இல்லை. மலேசியாவின் ஜொகூரிலிருந்து தண்ணீர் வாங்கும் ஒப்பந்தம் 2061இல் முடிகிறது என்பதை நாம் செய்தியாகப் படிக்கிறோம். அம்மாவுக்கு அது கையில் கனத்த டின்.

சிறுகதைகளில் நிறைய படித்தேன், பாதி மறந்துவிட்டது. மறக்காதது கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’. தொடக்கநிலை நான்கில் படிக்கும் மகளுக்கு மூன்று இரவுகளாக வாசித்துக் காட்டினேன். தனக்குக் கிடைக்காத டைரியைத் தானே வாங்கி வைத்துக்கொண்டு, மற்றப் பிள்ளைகளுக்கு டைரி கொடுத்த மாமாவிடம், தனக்கும் பரிசு கொடுத்ததாக அதில் எழுதித் தரச் சொல்கிறான் சாரங்கன். அந்த இடத்தில் அவள் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, எழுத்துக்கூட்டித் தானே ஒருமுறை படித்தாள். “அந்த மாமாவுக்கு ஏன் அவன் ஞாபகம் வரவில்லை?” என்று கேட்டாள். அவளுடைய தோழிகளில் இப்படி ஓரமாக நிற்பவர் யார் என்று அன்றிரவு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

‘தண்ணீர்’ இப்போது அம்மாவிடம் இருக்கிறது. கண் கூசுகிறது என்று நாளைக்கு ஐந்தாறு பக்கம்தான் படிக்கிறார். ஒருமுறை நீட்டித்தாயிற்று, வரும் புதன்கிழமை கெடு. டீச்சரம்மா பேசும் பக்கம் அவருக்கு இன்னும் வரவில்லை.