ரெண்டாயிரம் ரூபாய் நோட்டு: கேஷ் கவுன்டரிலிருந்து ஒரு மதிப்புரை

பொருள்: 2,000 ரூபாய் நோட்டு. வெளியீடு: இந்திய ரிசர்வ் வங்கி. நான் கையாண்டது 2016 நவம்பர் 10 முதல் ரிட்டயர் ஆகும் வரை. அதன் பிறகு ஒரே ஒரு தடவை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று. மதிப்பெண் ஐந்துக்கு ஒன்றரை. அந்த அரை எதற்கு என்று போகப்போகச் சொல்கிறேன்.

ஈரோடு பக்கம் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் கேஷியராக இருந்தவள் நான். ஜவுளிச் சந்தைக்காரர்கள், தறிக்காரர்கள், மஞ்சள் மண்டிக்காரர்கள் எல்லாரும் வந்துபோகிற கிளை. நோட்டைத் தொட்டே எந்த வீட்டிலிருந்து வந்தது என்று ஓரளவு சொல்லிவிடுவேன். மஞ்சள் மண்டி நோட்டில் விரல் மஞ்சளாகும், மீன்காரம்மா நோட்டை ஈரப்பஞ்சு தொடாமலே எண்ணலாம். அதனால் ஒரு நோட்டைப் பற்றி மதிப்புரை எழுத எனக்குத் தகுதி உண்டு என்றே நினைக்கிறேன்.

முதலில் பொருளின் தரம். பழைய ஆயிரம் ரூபாய் நோட்டு 177 மில்லிமீட்டர் நீளம், 73 அகலம். புதுசு 166 நீளம், 66 அகலம். இந்தச் சின்ன வித்தியாசத்தால் நாட்டிலுள்ள ஏடிஎம் எந்திரங்களில் எதுவுமே அதை ஏற்கவில்லை. நோட்டு வைக்கிற கேசட்டை ஒவ்வொரு எந்திரமாகப் போய்ச் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆயிற்று. பழைய 500, 1,000 நோட்டுகள் செல்லாது என்று 2016 நவம்பர் 8 இரவு 8 மணிக்குப் பிரதமர் டிவியில் அறிவிக்கப் போகிற விஷயத்துக்கு, எந்திரத்தில் நுழைகிற அளவுக்கு நோட்டு அடிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ரகசியம் கெட்டுவிடும் என்றார்கள். நல்ல ரகசியம்.

நிறம் ரோஸ். முதல் வாரத்தில் ஈரப்பஞ்சு தொட்டுத்தொட்டு எண்ணியதில் விரல் நுனியெல்லாம் ரோஸ் ஆனது. சாயம் போகிறதே என்று ஜனங்கள் கேட்டதற்கு, சாயம் போனால்தான் நல்ல நோட்டு என்று டெல்லியிலிருந்து பதில் வந்தது. என் அம்மா சந்தையில் சுங்கடிச் சேலை வாங்கும்போது நேர்மாறாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். நோட்டுக்குள் சிப் இருக்கிறது, மண்ணுக்கடியில் புதைத்தாலும் சாட்டிலைட் காட்டிக்கொடுத்துவிடும் என்று வேறு வாட்ஸ்அப்பில் ஓடியது. படித்த பையன் ஒருவன் கவுன்டரில் நோட்டை வெளிச்சத்தில் பிடித்து, "மேடம், சிப் எந்தப் பக்கம் இருக்குங்க?" என்று கேட்டான். பின்பக்கம் மங்கள்யான் படம் இருக்கும். செவ்வாய்க்குப் போன கலத்தை அச்சடித்த நோட்டை வைத்துக்கொண்டு, எதிரிலிருந்த டீக்கடைக்குப் போக முடியவில்லை. புது ஐந்நூறு சரியாக வந்துசேர நாளாயிற்று. இருந்த நூறு ரூபாய்கள் முதல் இரண்டு நாளிலேயே தீர்ந்துபோயின. ரெண்டாயிரத்துக்கு எவன் சில்லறை தருவான்?

இதெல்லாம் சகித்துக்கொள்ளலாம், சொன்ன வேலையைச் செய்திருந்தால். கறுப்புப் பணத்தையும் லஞ்சத்தையும் ஒழிக்கத்தான் 500, 1,000 நோட்டுகளை எடுக்கிறோம் என்றார்கள். புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் அது. மொத்தம் 15.41 லட்சம் கோடி. பதுக்கியவன் பயந்துபோய் ஆற்றில் விடுவான், எரிப்பான், இத்தனை லட்சம் கோடி வராமலே போகும், அவ்வளவும் அரசாங்கத்துக்கு லாபம் என்று கிளைக்குள்ளேயே எங்கள் ஆட்கள் கணக்குப் போட்டார்கள். எனக்கும் கொஞ்சம் ஆசை இருந்தது, மறைக்கவில்லை. 2018 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி எண்ணி முடித்துச் சொன்னது: 15.31 லட்சம் கோடி திரும்பிவிட்டது. நூற்றுக்கு 99.3. வராதது 10,720 கோடிதான்.

எப்படி வந்தது என்று என்னைக் கேளுங்கள். இரண்டாவது வாரம் ஒரு மில்லின் கணக்குப்பிள்ளை இருபது பேரைக் கூட்டிவந்து வரிசையில் நிறுத்தினார். எல்லார் கையிலும் ஆதார் ஜெராக்ஸ், எல்லார் கையிலும் மொறமொறவென்று அடுத்தடுத்த நம்பர் போட்ட ஆயிரம் ரூபாய்கள். கேட்டால் மூன்று மாதச் சம்பளம் முன்கூட்டியே கொடுத்தாங்க என்றார்கள். பொய்யென்று சொல்ல எனக்கு என்ன அதிகாரம்? நூற்றுக்கு இருபது, முப்பது கமிஷனுக்கு மாற்றித்தர ஆள் இருக்கிறது என்று பஸ் ஸ்டாண்டிலேயே பேச்சு. நாடு முழுக்க, ஏழைகளுக்காகத் திறந்த ஜன்தன் கணக்குகளில் 45,000 கோடிச் சொச்சம் இருந்த இருப்பு ஒரே மாதத்தில் 70,000 கோடியைத் தாண்டியது. பணம் உள்ளவனுக்கு ஆள் இருந்தது. ஆளுக்கொரு கணக்கு இருந்தது.

ஆள் இல்லாதவர்களும் வந்தார்கள். கவுன்டரில் இருந்த எங்களுக்குத்தான் அது தெரியும்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் மத்தியானம், தறி ஓட்டுகிற வீட்டு அம்மா ஒருவர், அறுபது வயசிருக்கும், கேழ்வரகு டப்பாவையே தூக்கிக்கொண்டு வந்தார். நோட்டுகள் எட்டாக மடித்து மாவுக்குள் கிடந்தன. கவுன்டிங் மெஷினில் போட்டேன். இரண்டு தடவை நின்றுபோயிற்று, சென்சார் முழுக்க மாவு. துணியால் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பிரித்துக் கையால் எண்ணினேன். முப்பத்தெட்டாயிரம். பின்னால் வரிசை கத்துகிறது. அந்த அம்மா கண்ணாடி ஓட்டைக்கு வாயை வைத்து, "அம்மிணி, அவருக்குத் தெரியாம மாத்திக் குடு சாமி. தெரிஞ்சா ஒரு வாரத்துல குடிச்சே அழிச்சுப்போடுவாரு" என்றார்.

சிறுவாடு. எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் இருக்கும், எந்தக் கணக்கிலும் இருக்காது. அரசாங்கத்தின் பாஷையில் அதுவும் மறைத்து வைத்த சொத்துதான். நேராக மாற்றித்தர அன்றைய வரம்பு 4,500 ரூபாய், மீதியைக் கணக்கில்தான் போட முடியும். அவர் பேரில் கணக்கு இல்லை. நானே பக்கத்து சீட்டில் சொல்லி, ஃபாரம் நிரப்பி, புதுக் கணக்கு திறந்து கொடுத்தேன். பெரிய உபகாரம் செய்த திருப்தியோடு செல் நம்பர் கேட்டேன். வீட்டில் இருந்தது ஒரே செல், அது அவர் வீட்டுக்காரருடையது. எழுதினேன். பணம் வரவானதும் எஸ்எம்எஸ் போகும் என்பது எனக்குத் தெரியாததா? அந்த நேரத்தில் தோன்றவில்லை. மறுவாரம் அந்த மனுஷன் பாஸ்புக்கோடு அவரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றபோதுதான் தோன்றியது. வித்ட்ராயல் ஸ்லிப்பில் அந்த அம்மா கைநாட்டு வைத்தார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாரத்துக்கு 24,000தான் எடுக்கலாம் என்பதால் இரண்டு தவணையாக எடுத்தார்கள். இரண்டு தவணையிலும் நான் கொடுத்தது இந்த ரோஸ் நோட்டுகளைத்தான்.

அதே வாரத்தில் எனக்கு நாலாயிரம் ஷார்ட்டேஜ். புது நோட்டு இரண்டு ஒட்டிக்கொண்டு யாருக்கோ கூடுதலாகப் போயிருக்கிறது. கைக்காசு கட்டினேன். அது பெரிய விஷயமில்லை, விடுங்கள்.

இப்போது பொருளின் மையக் குறைக்கு வருகிறேன். வங்கிக் கணக்கில் நூறு நோட்டு ஒரு பாக்கெட், பத்து பாக்கெட் ஒரு பண்டல். ஒரு கோடியைப் பழைய ஆயிரத்தில் கட்டினால் பத்து பண்டல். ரெண்டாயிரத்தில் ஐந்தே பண்டல். ஸ்கூல் பையில் வைத்து ஸ்கூட்டரில் கொண்டுபோகலாம். பெரிய நோட்டு பதுக்கலுக்கு வசதி என்று சொல்லி ஆயிரத்தைப் பிடுங்கிக்கொண்டு, அதைவிட இரண்டு மடங்கு பெரிய நோட்டைக் கையில் கொடுத்தார்கள். பணத்தட்டுப்பாட்டைச் சீக்கிரம் தீர்க்கத்தான் என்றார்கள், இருக்கட்டும். 2016 டிசம்பரிலேயே சென்னையில் வருமான வரித்துறை சோதனையில் பிடிபட்ட பணத்தில் புது ரெண்டாயிரம் மட்டும் கோடிக்கணக்கில் இருந்தது. நாங்கள் ஆளுக்கு ஒன்று கொடுக்க முடியாமல் திட்டு வாங்கிக்கொண்டிருந்த மாதம் அது.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பது நின்றதா? பணப்பட்டுவாடா புகாரில் 2016 மே மாதத் தேர்தல் ரத்தான தொகுதிகள் அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும். அவை இரண்டும் ஓட்டுப் போட்டது நவம்பர் 19, அதாவது அறிவிப்பு வந்த பதினோராவது நாள். இனி அந்த வியாதி தீர்ந்தது என்று எங்கள் மேனேஜரே சொன்னார். அடுத்த ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் அதே காரணத்துக்காக ரத்து. 2019இல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதியும் ரத்து.

லஞ்சத்தைப் பொறுத்தவரை எனக்கு ஒரே ஆதாரம் தினசரிப் பத்திரிகைதான். பட்டா மாறுதலுக்குக் கை நீட்டிய ஒருவரை லஞ்ச ஒழிப்புப் போலீசார் ரசாயனம் தடவிய நோட்டோடு பிடித்தனர் என்று வாரம் ஒரு செய்தியாவது வரும். வாங்கியவர் கையைக் கரைசலில் முக்கினால் ரோஸ் நிறம் வரும். நோட்டே ரோஸாக இருந்த காலத்திலும் அந்தச் செய்தி வந்தது, சாம்பல் நிற ஐந்நூறு காலத்திலும் வருகிறது. ஐயாயிரம் வாங்குகிறவருக்கு அது எத்தனை தாளாக வந்தால் என்ன?

பெரிய பணம் எங்கே ஒளிகிறது என்பதை நான் கவுன்டரில் பார்க்கவில்லை, பத்திரப்பதிவு ஆபீஸில் பார்த்தேன். 2018இல் என் தம்பி பெருந்துறை ரோட்டுப் பக்கம் சைட் வாங்கினான். பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை. அதற்கு முந்தின வருஷம் ஜூனில் தமிழ்நாட்டு அரசு வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்கு அரசு வைத்திருக்கும் நில விலையை, 33 சதவீதம் குறைத்திருந்தது. மந்தமான பதிவு சூடு பிடிக்கட்டும் என்று செய்தது, காரணமில்லாமல் இல்லை. ஆனால் காகிதத்தில் விலை இறங்க இறங்க, கையில் கொடுக்கிற பங்கு ஏறுகிறது. தம்பி அந்தப் பங்கை ரெண்டாயிரத்தில் எடுத்துக்கொண்டு போனான். "அக்கா, நீ கொஞ்சம் எண்ணிக் குடேன், பழகின கை" என்றான். எண்ணிக் கொடுத்தேன். அரசாங்கத்தைத் திட்டுகிற இந்த மதிப்புரையில் இதையும் எழுதாவிட்டால் நியாயமாக இருக்காது.

2019க்குப் பிறகு அந்த நோட்டு கவுன்டருக்கு வருவதே அபூர்வமாகிவிட்டது. அடிப்பதை அதற்குள் நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் 2018 மார்ச்சில் உச்சத்தில் 6.73 லட்சம் கோடிக்கு வெளியே இருந்தது, 2023 மே மாதத்தில்கூட 3.56 லட்சம் கோடிக்கு இருந்தது. சந்தையில் இல்லை, டீக்கடையில் இல்லை, என் டிராயரிலும் இல்லை. பின்னே எங்கே இருந்தது?

அந்த மே 19ஆம் தேதி இதையும் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. என் அரை மதிப்பெண் இதற்குத்தான். ராத்திரியோடு ராத்திரியாகச் செல்லாது என்று சொல்லவில்லை. செப்டம்பர் வரை நேரம் கொடுத்தார்கள், பிறகு ஒரு வாரம் நீட்டித்தார்கள். இன்றைக்கும் சட்டப்படி அது செல்லும். என்னிடம் ஐந்து இருந்தன, பட்டுப்புடவை மடிப்பில். ஒரு வங்கிக்குப் போய் வரிசையில் நாலாவது ஆளாக நின்றேன். அப்போது ஒரு தடவைக்கு இருபதாயிரம் வரை மாற்ற முடிந்தது, ஃபாரம் இல்லை, ஆதார் இல்லை. என் மகள் வயசுப் பெண் ஒருத்தி ஐந்நூறுகளாக எண்ணிக் கொடுத்தாள். ஐந்து நிமிஷம்.

அதே ஐந்து நிமிஷம் மற்றவர்களுக்கும் கிடைத்தது. பெட்ரோல் பங்கில், நகைக்கடையில் திடீரென்று ரோஸ் நோட்டாகவே வந்தது. 98 சதவீதத்துக்கு மேல் வந்துவிட்டது. எங்கே இருந்தது என்று ஒருவரையும் கேட்கவில்லை. முரட்டுத்தனமாக எடுத்தால் ஏழை சாகிறான், மென்மையாக எடுத்தால் பதுக்கியவன் தப்பிக்கிறான். சிங்கப்பூரில் 10,000 டாலர் நோட்டை 2014இலும், 1,000 டாலர் நோட்டை 2021இலும் புதிதாக வெளியிடுவதை நிறுத்தினார்கள். வங்கிக்குத் திரும்புகிற நோட்டை மறுபடி வெளியே விடவில்லை. அங்கே வேலை செய்கிற என் நாத்தனார் மகனுக்கு நான் சொல்லித்தான் தெரியும். செய்வதென்றால் அப்படிச் செய்யலாம், அதைவிடப் பெரிய நோட்டை அடிக்காமல் இருந்தால். 2016க்குப் பிறகு சந்தேகமான டெபாசிட் என்று சுமார் 18 லட்சம் பேரிடம் வருமான வரித்துறை கணக்குக் கேட்டது. எனக்குத் தெரிந்து மொத்த ஏற்பாட்டிலும் உருப்படியான வேலை அதுதான். அதுவும் நோட்டைப் பிடித்து அல்ல, கணக்கைப் பிடித்து. இப்போது வெளியே இருக்கிற மொத்த ரொக்கம் 35 லட்சம் கோடிக்கு மேல். அந்த நவம்பரில் இருந்தது 17.74 லட்சம் கோடி.

நோட்டு மாற்றிவிட்டுத் திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் அந்தக் கேழ்வரகு டப்பா அம்மாவைப் பார்த்தேன். ஏழு வருஷம் ஆகியும் அடையாளம் தெரிந்தது. எனக்குத்தான் பேசக் கூச்சம். வீட்டுக்காரர் நல்லா இருக்காருங்களா என்றேன். "இருக்காரு, இருக்காரு" என்றார். உங்ககிட்ட ரெண்டாயிரம் நோட்டு எதுனா இருந்தாச் சொல்லுங்க, நானே மாத்தித் தர்றேன் என்றேன். ஏதோ கடன் தீர்க்கிற மாதிரி.

"அய்யோ, அதெல்லாம் கையில தொடறதே இல்ல அம்மிணி. நூறும் அம்பதுமாத்தான் சேக்கறேன். டப்பாதான் ஒண்ணு பத்தாம மூணாயிப் போச்சு."