மேசை ரம்பம் வாங்குகிறவர்களே, அளந்து காட்டாதவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்

ஆடித் தள்ளுபடியில், கோவையில் ஒரு மின்கருவிக் கடையில் 10 அங்குல பிளேடு கொண்ட மேசை ரம்பம் ஒன்றை 46,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைதான் என் பட்டறை. இயந்திரத்தைப் பொருத்தி, அளவு சரிபார்த்துக் கொடுப்பதற்கென்று தனியாக 1,500 ரூபாய் வாங்கினார்கள். அந்த 1,500 ரூபாய் வேலையின் லட்சணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வந்த ஊழியர் மேசையைக் கால்களில் ஏற்றினார், பிளேடை மாட்டினார், பலகையை ஒட்டித் தள்ளுவதற்கான ஃபென்ஸ் சட்டத்தை முன் தண்டவாளத்தில் உட்கார வைத்தார். ஒரு பிளைவுட் துண்டை அறுத்துக் காட்டிவிட்டு, “எல்லாம் சரியாக இருக்கிறது சார்” என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். மூலைமட்டமோ அளவுகோலோ அவர் பையைவிட்டு வெளியே வரவே இல்லை.

மறுநாள் தேக்கை அறுத்தேன். இடித்த பழைய வீட்டின் உத்தரத்திலிருந்து எடுத்து, பூஜை அறைக் கதவுக்கென்று பத்திரப்படுத்திய மரம் அது. பாதி தூரம் போனதும் பலகை இறுகியது. தள்ளத் தள்ளப் புகை வந்தது. எடுத்துப் பார்த்தால் ஃபென்ஸை ஒட்டி ஓடிய துண்டில், அறுபட்ட பக்கம் முழுவதும் கருகிய கோடு. விரலால் தேய்த்தால் கரி ஒட்டியது. இழைப்புளி போட்டு அந்தக் கருப்பைப் போக்குவதற்குள் ஒரு மில்லிமீட்டர் மரம் போய்விட்டது.

கடைக்குப் போன் செய்தேன். மரத்தில் ஈரம் என்றார்கள். ஐம்பது வருடம் கூரைக்கடியில் காய்ந்த தேக்கில் என்ன ஈரம்? பிறகு, கூடவே வந்த பிளேடு மட்டம் என்று சொல்லி 60 பல் பிளேடு ஒன்றை 2,600 ரூபாய்க்கு விற்றார்கள். மரத்தை நீளவாக்கில் அறுக்க 24 பல் பிளேடுதான் பொருத்தம். பல் கூடக் கூட மரத்தூள் வெளியேற இடமில்லாமல் சூடு அதிகமாகும். கருவி விற்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. புது பிளேடில் தேக்கு இன்னும் மோசமாகக் கருகியது.

மூன்றாவது முறை அதே ஊழியர் வந்து செய்ததை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. பிளேடுக்குப் பின்னால் ரைவிங் நைஃப் என்று ஒரு தகடு நிற்கும். அறுபட்ட இரண்டு பாதியும் மறுபடி நெருங்கி பிளேடைக் கவ்வாமல் தடுப்பது அதுதான். “இதுதான் சார் உரசுகிறது” என்று சொல்லி அதைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து, அறுத்துக்கொண்டிருந்த இரண்டடிச் சட்டம் ஒன்று என் இடுப்பை உரசியபடி பின்னால் பறந்து சுவரில் மோதியது. சுவர்ப் பூச்சு கையகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. இந்த அளவு பிளேடு நிமிடத்துக்கு 4,500 சுற்று சுற்றினால் அதன் பல் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது என்று பொருள். முன்பக்கப் பற்கள் மரத்தைக் கீழே அழுத்தும். பின்பக்கப் பற்களோ மேல் நோக்கி எழும். ஃபென்ஸின் வால்முனை, அதாவது பின்கோடி, பிளேடை நோக்கிச் சாய்ந்திருந்தால் மரம் அந்தப் பின்பற்களில் போய் அழுந்தும். அவை அதைத் தூக்கி, தள்ளுகிற ஆளை நோக்கியே எறியும். நான் ஓர் அடி விலகி நின்றதால் வயிறு தப்பியது.

அடுத்த தெருவில், பம்பு செட் ஆலையின் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். சொன்னதும், நுண்ணிய விலகலையும் முள்ளால் காட்டும் டயல் கேஜோடு வந்தார். “தம்பி, முதலில் பிளக்கைப் பிடுங்கு” என்றார். ஒரு பல்லில் சாக்பீஸால் குறி வைத்தார். மேசையில் உள்ள காடியில் ஓடும் கட்டையில் கேஜைப் பொருத்தி, குறி வைத்த பல்லை முன்னால் நிறுத்தி அளந்தார். அதே பல்லைப் பின்னால் சுற்றிக் கொண்டுபோய் மறுபடி அளந்தார். 0.04 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பிளேடில் குற்றம் இல்லை. அடுத்து ஃபென்ஸைப் பூட்டி, அதன் நீளத்துக்கும் கேஜை ஓட்டினார். வால்முனை 1.3 மில்லிமீட்டர் பிளேடு பக்கம் சாய்ந்திருந்தது.

ஆலன் சாவியால் சரிசெய்தோம். லீவரைத் திறந்து மறுபடி பூட்டியதும் பழையபடி சாய்ந்தது. அவர் ஃபென்ஸைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பினார். முன் தண்டவாளத்தில் பதியும் இரண்டு நைலான் கட்டைகளில் ஒன்று உடைந்து, பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது. பூட்டும்போதெல்லாம் அது அமுங்க, வால் நகர்கிறது. திருகாணித் தலைகளில் சாவி பட்ட தேய்மானம் வேறு. யாரோ திருப்பிக் கொடுத்த இயந்திரத்தைத்தான் புதிது என்று எனக்குத் தள்ளிவிட்டார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நைலான் பாகத்துக்கு வாரண்டி கிடையாது, வேண்டுமானால் 14,000 ரூபாய்க்குப் புது ஃபென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்றது கடை. ரசீது, கையெழுத்திட்ட பொருத்துச் சீட்டு, ஒட்டிய கட்டையின் படம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரக் கட்டணம் இல்லை, இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு என்பதையும் கடைக்காரரிடம் சொன்னேன். பத்தாம் நாள் புதுக் கட்டைகள் இரண்டும் 1,500 ரூபாயும் திரும்பி வந்தன. பிளேடுப் பணத்தைத் தர மறுக்கிறார்கள். அதற்கு ஆணையத்துக்குப் போகிறேன்.

இயந்திரம் வீட்டுக்கு வந்ததும், கையெழுத்துப் போடும் முன், ஃபென்ஸைக் காடியின் விளிம்போடு சமமாக நிறுத்திப் பூட்டச் சொல்லுங்கள். முன்முனையிலும் வால்முனையிலும் விரல் நுனியால் தடவுங்கள். திறந்து பூட்டி மூன்று முறை பாருங்கள். வால்முனை ஒரு தாள் கனம், அதாவது 0.1 மில்லிமீட்டர், பிளேடைவிட்டு விலகியிருக்கலாம். நெருங்கியிருந்தால் அந்த இடத்திலேயே வண்டியில் திருப்பி ஏற்றச் சொல்லுங்கள். ரைவிங் நைஃபில் எவர் கை வைத்தாலும் விடாதீர்கள். என்னுடையதை, சட்டம் பறந்த அன்று மாலையே மாட்டிவிட்டேன்.