நெட்வொர்க் கார்டில் பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்புதல்: எந்த வழி எங்கே பொருந்தும்?

நெட்வொர்க் கார்டில் புதிய ஃபர்ம்வேரை (கார்டுக்குள் ஓடி அதை இயக்கும் மென்பொருளை) ஏற்றிய பிறகு இணைப்பு விட்டுவிட்டு வந்தாலோ, வேகம் பாதியாகக் குறைந்தாலோ, பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அதற்கு முன், அந்தக் கார்டின் ஃபர்ம்வேர் எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சில கார்டுகளில் அது கணினியின் வட்டில் ஒரு கோப்பாக இருந்து, டிரைவர் (கார்டை இயக்க முறைமையுடன் இணைக்கும் மென்பொருள்) தொடங்கும் ஒவ்வொரு முறையும் கார்டுக்குள் ஏற்றப்படுகிறது. மற்றவற்றில் அது கார்டிலேயே உள்ள ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. கீழே ஒப்பிடும் வழிகளின் எளிமையும் ஆபத்தும் பெரும்பாலும் இந்த வேறுபாட்டிலிருந்தே வருகின்றன.

முதல் வகைக்கு இன்டெலின் வைஃபை கார்டுகள் நல்ல எடுத்துக்காட்டு. லினக்ஸில் இவற்றின் ஃபர்ம்வேர் கோப்புகள் ஃபர்ம்வேர் கோப்புறையில் யூகோட் என்ற பின்னொட்டுடன் இருக்கும். பெயரின் கடைசி எண் பதிப்பைக் காட்டும். டிரைவர் தனக்குத் தெரிந்த மிக உயர்ந்த எண்ணிலிருந்து கீழ்நோக்கித் தேடி, முதலில் அகப்படுவதை ஏற்றிக்கொள்கிறது. ஆகவே புதிய கோப்பை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு டிரைவரை மீண்டும் ஏற்றினாலே பழைய பதிப்பு வந்துவிடும். எது ஏற்றப்பட்டது என்பதைக் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எழுதும் பதிவில் பார்க்கலாம். கார்டில் எதுவும் எழுதப்படாததால், சரிவராவிட்டால் கோப்பைத் திரும்ப வைத்துவிட வேண்டியதுதான். ஆனால் டிரைவர் ஏற்கும் மிகக் குறைந்த எண்ணுக்கும் கீழே போனால் கார்டு இயங்கவே இயங்காது. ஃபர்ம்வேர் தொகுப்பு அடுத்த முறை புதுப்பிக்கப்படும்போது நகர்த்திய கோப்பு மறுபடியும் வந்துவிடும் என்பதால், தொகுப்பைத் தற்போதைய பதிப்பிலேயே நிறுத்தி வைப்பதும் அவசியம்.

விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் வழியாக டிரைவரை முந்தைய பதிப்புக்கு மாற்றும் வசதியைப் பலரும் இதற்கு ஈடாக நினைக்கிறார்கள். ஃபர்ம்வேர் டிரைவருடனேயே சேர்ந்து வரும் வைஃபை கார்டுகளில் அது உண்மைதான். ஃபிளாஷில் எழுதப்பட்ட கார்டுகளிலோ டிரைவர் மட்டும் பின்னுக்குப் போகும். ஃபர்ம்வேர் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஃபிளாஷில் எழுதும் சர்வர் கார்டுகளில், மெல்லனாக்ஸ் உருவாக்கி 2020-இல் என்விடியாவிடம் வந்து சேர்ந்த கனெக்ட்எக்ஸ் வரிசையில் இந்த வேலையைச் செய்வதையே நான் விரும்புவேன். அதன் ஃபிளிண்ட் கருவி, எழுதப்போகும் பதிப்பு கார்டில் உள்ளதைவிடப் பழையது என்று சொல்லி, தொடரலாமா என்று கேட்கிறது. ஆம் என்றால் எழுதுகிறது. புதிய பிம்பம் (எழுதப்படும் ஃபர்ம்வேர் கோப்பு) ஃபிளாஷின் மற்றொரு பகுதியில் முழுவதும் எழுதப்பட்ட பிறகே கார்டு அதற்கு மாறுவதால், நடுவில் மின்சாரம் நின்றாலும் முந்தைய பிம்பம் பத்திரமாக இருக்கும். கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரியும் மாறுவதில்லை. இங்கே மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டியது பிஎஸ்ஐடி என்ற பலகை அடையாளம். சர்வர் நிறுவனங்களின் பெயரில் வரும் கார்டுகளுக்குத் தனி பிஎஸ்ஐடி உண்டு. அது பொருந்தாத பிம்பத்தை ஃபிளிண்ட் மறுக்கும். அந்தத் தடையை மீறவும் ஒரு விருப்பத் தேர்வு இருக்கிறது என்றாலும், பழைய பதிப்புக்குத் திரும்புவதற்காக அதைத் தொடவே கூடாது. அதே பிஎஸ்ஐடிக்கான பழைய பிம்பத்தைத் தேடி எடுப்பதே சரி.

இன்டெலின் எக்ஸ்710, இ810 கார்டுகளில், ஃபிளாஷில் உள்ள ஃபர்ம்வேர் உள்ளடக்கத்தை (என்விஎம்) மாற்றும் என்விஎம் அப்டேட் கருவி இதே வேலையைச் செய்தாலும் கட்டுப்பாடு அதிகம். பழைய பதிப்பை ஏற்றுவதற்கு வெளிப்படையாக அனுமதி தர வேண்டும். முடிவில் கணினியின் மின்சாரத்தையே முழுவதும் நிறுத்தி மறுபடி போட வேண்டியும் வரலாம். எக்ஸ்710-இன் டிரைவர், தான் எதிர்பார்த்ததைவிடப் பழைய என்விஎம் இருந்தால் அதைப் புதுப்பிக்கச் சொல்லியும், புதிதாக இருந்தால் டிரைவரைப் புதுப்பிக்கச் சொல்லியும் பதிவில் எழுதிவிடுகிறது. அந்த ஒரு வரியைப் படிக்காமல் ஃபர்ம்வேரைக் குறை சொல்வது நியாயமில்லை. புதிய டிரைவரைப் போட்டாலே பல சிக்கல்கள் தீர்ந்துவிடுகின்றன. இ810-இல் பாதுகாப்புத் திருத்த எண் என்று ஒன்று இருக்கிறது. அதன் குறைந்தபட்ச அளவை ஒருமுறை உயர்த்திவிட்டால், அதற்குக் கீழான பிம்பங்களைக் கார்டு ஏற்காது. அங்கே பின்வழி நிரந்தரமாக அடைபட்டுவிடும்.

இந்த இரண்டுக்கும் மாற்றாக லினக்ஸ் கெர்னலின் டெவ்லிங்க் என்ற வசதி இருக்கிறது. நிறுவனத்துக்கு ஒரு கருவி என்று நிறுவிக்கொண்டிருக்காமல், ஒரே கட்டளையில் பல கார்டுகளைக் கையாள முடிவது இதன் பலம். இப்போது ஓடும் பதிப்பையும் ஃபிளாஷில் சேமித்திருக்கும் பதிப்பையும் அது தனித்தனியாகக் காட்டுவதால், எழுதியது நடைமுறைக்கு வந்துவிட்டதா என்ற குழப்பம் எழுவதில்லை. கார்டின் அமைப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் லினக்ஸில் உள்ள எத்டூல் கட்டளை காட்டும் ஒற்றைப் பதிப்பு எண்ணில் இந்தத் தெளிவு கிடையாது. அமைப்புகளையும் அடையாளங்களையும் மேலெழுதலாமா என்பதையும் தனித்தனியாகத் தீர்மானிக்கலாம். அடையாளங்களை மேலெழுதினால் மேக் முகவரி போன்றவை மாறக்கூடும் என்பதால், அதை அப்படியே விட்டுவிடுவது நல்லது. ஆனால் எல்லா டிரைவரும் டெவ்லிங்க் வழியாக எழுதவிடுவதில்லை: இ810-இல் முடியும், எக்ஸ்710-இல் முடியாது.

இவை அனைத்துக்கும் முன்னால் நான் வைப்பது, எதையும் எழுதாமல் சோதிக்கும் வழி. டிஎஸ்ஓ, எல்ஆர்ஓ போன்ற ஆஃப்லோடு வசதிகளை (செயலியின் தரவுப் பொதி வேலைகளைக் கார்டிடம் ஒப்படைப்பவை) எத்டூல் மூலம் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும், மறுதொடக்கத்தில் அந்த மாற்றமும் மறைந்துவிடும். குறை அதில் நீங்கினால், ஃபர்ம்வேரைத் தொடாமலேயே திருத்தம் வரும் வரை சமாளிக்கலாம். நீங்காவிட்டால் மட்டுமே ஃபிளாஷில் கை வைக்க வேண்டும். அப்போதும் ஏதோ ஒரு பழைய பதிப்பைப் போடாமல், பயன்படுத்தும் டிரைவருக்கு இணையாகத் தயாரிப்பாளர் வெளியீட்டுக் குறிப்பில் குறிப்பிட்டிருக்கும் பதிப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

தொலைவில் உள்ள சர்வரில் இதைச் செய்பவர்கள், மேலாண்மை இணைப்பு எந்தப் போர்ட் வழியாக வருகிறது என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். சில சர்வர்களில் பிஎம்சி (சர்வரைத் தொலைவிலிருந்து மேலாள உதவும் தனிச் சில்லு) தனிப் போர்ட் இல்லாமல் அதே கார்டைப் பகிர்ந்துகொள்கிறது. அந்தக் கார்டு மீட்டமைக்கப்படும்போது பிரதான இணைப்பும் மேலாண்மை இணைப்பும் ஒரே நொடியில் அறுந்துபோகும். அப்படிப்பட்ட இடத்தில், இயந்திரத்துக்கு அருகே ஒருவர் இருக்கும் நேரத்தில்தான் ஃபர்ம்வேரை மாற்ற வேண்டும்.