சோட்டோவை விற்ற வாஷிங்டனும் ஓட்டானியை விடாமல் வைத்திருந்த ஏஞ்சல்ஸும்

2022 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்க பேஸ்பாலின் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி ஹுவான் சோட்டோவை, இளம் ஆட்டக்காரர்களுக்கு ஈடாக, சான் டியேகோ பாட்ரேஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது என்ற செய்தி வந்தபோது, எங்கள் வீட்டில் அவருடைய 22-ஆம் எண் பொறித்த சட்டைகள் இரண்டு இருந்தன. 2019-இல் அந்த அணி வேர்ல்ட் சீரிஸ் என்னும் இறுதித் தொடரை வென்றபோது, ஆறாவது ஆட்டத்தில் ஜஸ்டின் வெர்லாண்டரின் பந்தை ஹோம் ரன்னாக அடித்து முன்னிலை பெற்றுத் தந்தவர், இருபத்தொரு வயது நிறைந்து ஒரு வாரம்கூட ஆகாத அதே சோட்டோதான். அவர் போன பிறகு அடுத்த பருவத்துக்கான டிக்கெட்டுகளைப் புதுப்பிப்பதா, விட்டுவிடுவதா என்று வீட்டில் பேச்சு எழுந்தது. நான் புதுப்பித்தேன், விற்றது சரிதான் என்று நண்பர்களிடம் வாதிடவும் செய்தேன். சரியாக ஓராண்டு கழித்து, ஏறத்தாழ அதே நிலையில் இருந்த ஏஞ்சல்ஸ் அணி நேர் எதிரான முடிவை எடுத்து ஷோஹெய் ஓட்டானியைக் கடைசி நாள் வரை வைத்துக்கொண்டது. இரண்டு முடிவுகளின் விளைவும் இப்போது பெருமளவு தெரிந்துவிட்டதால், அவற்றை அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறேன். என் சாய்வு விற்றவர்களின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இருவரும் ஒரு தலைமுறைக்கு ஒருமுறை கிடைக்கும் ஆட்டக்காரர்கள் என்பதிலும், அத்தகையவரை இழந்தால் மைதானத்தின் களை குன்றும் என்பதிலும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. உரிமையாளர்களிடம் பணம் இல்லையா என்ற கேள்விக்கும் விடை எளிது: இருந்தது. ஆகவே திறமையையும் பணத்தையும் இத்துடன் நிறுத்திக்கொண்டு, விவாதங்களில் குறைவாகவே பேசப்படும் ஒன்றுக்கு, அதாவது விற்கும் நாளில் அந்த ஆட்டக்காரர்மீது அணிக்கு இன்னும் எத்தனை ஆண்டு உரிமை மீதமிருக்கிறது என்பதற்கு வருகிறேன்.

அமெரிக்க பேஸ்பாலில் ஓர் இளைஞர் மேஜர் லீகுக்குள் நுழைந்ததும் அவருடைய சேவைக்காலம் எண்ணப்படத் தொடங்குகிறது. 172 நாள்கள் அணியில் இருந்தால் அது ஒரு முழு ஆண்டு. ஆறு முழு ஆண்டுகள் முடியும் வரை அவர் வேறு அணியைத் தேடிப் போக முடியாது. முதல் மூன்று ஆண்டுகளில் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளம்தான். 2022-இல் அது 7 லட்சம் டாலர். அடுத்த மூன்று ஆண்டுகளில் ஆர்பிட்ரேஷன் என்னும் நடுவர் முறைப்படி சம்பளம் ஏறும். சோட்டோ அந்த ஆண்டு வாங்கியது 1.71 கோடி டாலர். ஆறு ஆண்டு முடிந்ததும் அவர் ஃப்ரீ ஏஜென்ட், யாருடன் வேண்டுமானாலும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். ஆகவே ஓர் அணி ஆட்டக்காரரை விற்கும்போது உண்மையில் அவரை விற்பதில்லை. மீதமுள்ள குத்தகைக் காலத்தைத்தான் விற்கிறது. நிலம் எவ்வளவு வளமானதாக இருந்தாலும், குத்தகை முடிய இரண்டு மாதம் இருக்கையில் அதை வாங்க வருபவர் இரண்டு மாதத்துக்கான விலையைத்தான் தருவார்.

இதற்குச் சோட்டோவின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று இல்லை, ஏனெனில் ஒரே மனிதர் மூன்று வெவ்வேறு கட்டங்களில் மூன்று அணிகளை விட்டுப் போனார். 2022 ஆகஸ்டில் அவர்மீது இரண்டரைப் பருவங்களுக்கான உரிமை இருந்தது. அதாவது வாங்கும் அணி அவரை வைத்து மூன்று அக்டோபர்களில், அதாவது பிளே-ஆஃப் என்னும் கோப்பைச் சுற்றுகளில், மூன்று முறை முயலலாம். அவருடன் ஜோஷ் பெல்லையும் கொடுத்து வாஷிங்டன் பெற்றது சி.ஜே. ஏப்ரம்ஸ், மெக்கென்சி கோர், ஜேம்ஸ் வுட், ராபர்ட் ஹாசல், ஜார்லின் சுசானா ஆகிய ஐந்து இளைஞர்களையும், லூக் வாய்ட்டையும். முதலில் வருவதாக இருந்த எரிக் ஹாஸ்மர் தன் ஒப்பந்தத்தில் இருந்த உரிமையைக் கொண்டு மறுத்துவிட்டதால்தான் வாய்ட் வந்தார். பதினாறு மாதம் கழித்து, 2023 டிசம்பரில், பாட்ரேஸ் அவரை நியூயார்க் யாங்கீஸுக்கு விற்றபோது ஒரே ஒரு பருவம்தான் மீதமிருந்தது. கிடைத்தவர்கள் மைக்கேல் கிங், டிரூ தார்ப் உள்ளிட்ட நான்கு பந்தெறிபவர்களும் கைல் ஹிகஷியோக்கா என்ற கேட்சரும். நல்ல விலைதான், ஆனால் முதல் விலையில் இருந்த எதிர்காலம் அதில் இல்லை. 2024 முடிவில் சோட்டோ மெட்ஸ் அணியுடன் 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது யாங்கீஸுக்கு ஈடாகக் கிடைத்தது டிராஃப்டில், அதாவது புதுமுகங்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ஒரு பின்வரிசைத் தேர்வு மட்டுமே. இத்தனைக்கும் அந்த ஆண்டுதான் அவர் யாங்கீஸை வேர்ல்ட் சீரிஸ் வரை கொண்டுபோனார். அவருடைய ஆட்டம் ஆண்டுக்கு ஆண்டு மெருகேறிக்கொண்டிருக்க, அவருக்குக் கிடைத்த ஈடு மட்டும் தேய்ந்துகொண்டே வந்தது.

இதில் வாஷிங்டன் ரசிகர்களுக்கு மறக்க முடியாத ஒரு கிளைக்கதையும் உண்டு. பாட்ரேஸ் தனக்குக் கிடைத்த தார்ப்பைச் சில மாதங்களிலேயே சிகாகோ வொயிட் சாக்ஸுக்குக் கொடுத்து டிலன் சீஸை வாங்கியது. அந்தச் சீஸ் 2024 ஜூலை 25 அன்று வாஷிங்டன் மைதானத்திலேயே எங்கள் அணிக்கு ஒரு ஹிட்கூட விட்டுக்கொடுக்காமல் ஒன்பது இன்னிங்ஸையும் வீசி முடித்தார்.

வாஷிங்டன் இந்தப் பாடத்தை முன்பே விலைகொடுத்துக் கற்றிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பிரைஸ் ஹார்ப்பரை 2018 முடியும் வரை வைத்துக்கொண்டார்கள். அவர் 13 ஆண்டுகளுக்கு 33 கோடி டாலருக்கு, அதுவும் அதே பிரிவில் ஆடும் பிலடெல்பியாவுக்குப் போனார், அணிக்கு மிஞ்சியது ஒரு பின்வரிசைத் தேர்வு. ஆண்டனி ரெண்டோன் 2019 வெற்றிக்குப் பிறகு ஏஞ்சல்ஸுக்குப் போனார். இங்கேயே தங்கிய ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு 7 ஆண்டுகளுக்கு 24.5 கோடி டாலர் கொடுத்தார்கள். அதன் பிறகு காயத்தால் அவர் எட்டே ஆட்டங்களில்தான் பந்தெறிந்தார். அந்தப் பின்னணியில் 2022 கோடையில் சோட்டோவுக்கு 15 ஆண்டுகளுக்கு 44 கோடி டாலர் தர முன்வந்தார்கள், அவர் மறுத்தார். உரிமையாளர்களான லெர்னர் குடும்பம் அந்த ஏப்ரலிலேயே அணியை விற்கலாமா என்று ஆராயத் தொடங்கியிருந்தது. நாளை யார் முதலாளி என்றே தெரியாத அணியில் பதினைந்து ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்த இருபத்துமூன்று வயது இளைஞரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் மறுத்துவிட்ட பிறகு, பொது மேலாளர் மைக் ரிஸோவின் முன்னால் இருந்த கேள்வி விற்பதா வேண்டாமா என்பதல்ல, இரண்டரை ஆண்டு மீதமிருக்கும்போது விற்பதா, ஓராண்டு மீதமிருக்கும்போது விற்பதா என்பதுதான் என்றே நான் அன்றும் கருதினேன்.

மறுபக்கத்தில் ஏஞ்சல்ஸ். அவர்களுடைய ஆட்டங்கள் கிழக்குக் கரையில் நள்ளிரவு வரை நீள்வதால் நான் முழுமையாகப் பார்த்தவை சிலவே, ஆகவே அந்த அணியின் உள் நிலைமையைப் பற்றி வாஷிங்டனைப் பற்றிப் பேசும் உறுதியோடு பேச மாட்டேன். 2023 ஜூலை இறுதியில் அவர்கள் வைல்ட் கார்டு என்னும் கூடுதல் பிளே-ஆஃப் இடத்துக்குச் சில ஆட்டங்களே பின்தங்கியிருந்தார்கள். கை எலும்பு முறிந்து ஓய்வில் இருந்த அணியின் இன்னொரு நட்சத்திரம் மைக் டிரவுட் விரைவில் திரும்புவார் என்ற நம்பிக்கை இருந்தது. ஓட்டானியை விற்கப் போவதில்லை என்று முடிவெடுத்ததோடு நில்லாமல், எட்கர் குவேரோ, கை புஷ் என்ற இரண்டு இளைஞர்களைக் கொடுத்து லூகாஸ் ஜியோலிட்டோவையும் ரெய்னால்டோ லோபஸையும் வாங்கினார்கள். மறுநாள், ஜூலை 27 அன்று, டெட்ராய்ட்டில் ஒரே நாளில் நடந்த இரண்டு ஆட்டங்களில் முதலாவதை ஓட்டானி ஒரே ஒரு ஹிட் கொடுத்து முழுமையாக வீசி வென்றார். இரண்டாவதில் இரண்டு ஹோம் ரன் அடித்தார். அன்று மாலை அந்த முடிவைத் தவறென்று சொல்ல யாருக்கும் நா எழுந்திருக்காது, எனக்கும்தான்.

ஆகஸ்டில் எல்லாம் சரிந்தது. தோல்விகள் அடுக்கடுக்காக வந்தன. 23-ஆம் தேதி ஓட்டானியின் முழங்கைத் தசைநார் கிழிந்தது. மாத இறுதிக்குள் ஜியோலிட்டோவையும் லோபஸையும் இன்னும் சிலரையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். பருவம் 73 வெற்றி, 89 தோல்வியோடு முடிந்தது. டிசம்பரில் ஓட்டானி டாட்ஜர்ஸுடன் 10 ஆண்டுகளுக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஏஞ்சல்ஸுக்குக் கிடைத்தது 2024 டிராஃப்டில் 74-ஆவது தேர்வு.

வைத்துக்கொண்டதற்குச் சார்பாக வலுவான ஒரு வாதம் உண்டு. பந்தெறிவதிலும் அடிப்பதிலும் ஒருசேரச் சிறந்த ஒருவரை இன்றைய ரசிகர்கள் அதற்கு முன் கண்டதே இல்லை. அவரை இன்னும் இரண்டு மாதம் பார்க்கும் வாய்ப்பை, பெயர் தெரியாத இளைஞர்களுக்காக விட்டுத்தர மனம் வராதது இயல்பு. இரண்டு மாத உரிமைக்குக் கிடைத்திருக்கக்கூடியதும் சோட்டோவுக்குக் கிடைத்ததன் ஒரு பகுதியாகவே இருந்திருக்கும். நான் அவர்களிடம் காணும் பிழை 2023 ஜூலையில் நடந்ததல்ல. அதற்கு ஓராண்டு முன்பு, ஒன்றரை ஆண்டு உரிமை மீதமிருந்தபோது, அணி தோற்றுக்கொண்டிருந்த அந்தக் கோடையில் அவரை விற்காததுதான். 2018 முதல் 2023 வரை ஆறு பருவங்கள் அவரும் டிரவுட்டும் சேர்ந்து ஆடியும் ஏஞ்சல்ஸ் ஒருமுறைகூடப் பிளே-ஆஃப் ஆடவில்லை என்பதை நினைத்தால், ஆறாவது முயற்சிக்காகக் காத்திருந்ததற்கு என்ன அடிப்படை என்று எனக்கு விளங்கவில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவே பாஸ்டன் ரெட் சாக்ஸ் நிற்கிறது. 2020 பிப்ரவரியில், ஒரே பருவம் மீதமிருந்த மூக்கி பெட்ஸை டேவிட் பிரைஸோடு சேர்த்து டாட்ஜர்ஸுக்குக் கொடுத்து, அலெக்ஸ் வெர்டுகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங் ஆகிய மூவரைப் பெற்றார்கள். பிரைஸின் சம்பளச் சுமையையும் அந்தப் பேரத்தில் கட்டிவிட்டதால் கிடைத்த ஈடு இன்னும் மெலிந்தது. பெட்ஸ் அந்த ஜூலையிலேயே 12 ஆண்டுகளுக்கு 36.5 கோடி டாலருக்கு டாட்ஜர்ஸில் கையெழுத்திட்டு, 2020, 2024, 2025 என்று மூன்று முறை அங்கே கோப்பை வென்றுவிட்டார். விற்பதே தவறு என்பவர்கள் காட்டும் முதல் சான்று இதுதான். என் கணக்கில் இது தாமதமாக விற்பதன் தீமைக்கே சான்றாகிறது.

எல்லாவற்றிலும் சிறந்தது இளம் வயதிலேயே நீண்ட ஒப்பந்தம் செய்துகொள்வதுதான் என்பதை மறுக்க முடியாது. கேன்சாஸ் சிட்டி ராயல்ஸ் பாபி விட்டை 2024 பிப்ரவரியில் 11 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்தது அப்படித்தான். ஆனால் அதற்கு ஆட்டக்காரரும் இசைய வேண்டும். சோட்டோவும், ஹார்ப்பரும், அவர்களுடைய முகவர் ஸ்காட் போராஸும் சந்தை விலையைப் பார்க்காமல் இசையக்கூடியவர்கள் அல்லர்.

என் பக்கத்தின் பலவீனத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விற்று மூன்று பருவங்களுக்கு மேலாகியும் வாஷிங்டன் வெல்லவில்லை. 2023-இலும் 2024-இலும் 71 வெற்றிகள், 2025-இல் 66 மட்டுமே. அந்த ஆண்டு ஜூலையில் ரிஸோவும் பயிற்சியாளர் டேவ் மார்டினெஸும் நீக்கப்பட்டார்கள். ஐவரில் ஏப்ரம்ஸ் 2024-இலும், கோரும் வுட்டும் 2025-இலும் ஆல் ஸ்டார் ஆனார்கள் என்றாலும், அவர்களைச் சுற்றி ஓர் அணியைக் கட்ட வேண்டிய வேலை நடக்கவே இல்லை. தாமே டிராஃப்ட் செய்த இளைஞர்களை வளர்த்தெடுப்பதில் அந்த நிர்வாகம் பல ஆண்டுகளாகப் பின்தங்கியிருந்தது; விதைநெல் நல்லதாகக் கிடைத்தும் வயலைச் சரியாக உழவில்லை. இந்தத் தோல்வியை விற்பனையின் கணக்கில் எழுதுவது முறையல்ல என்பது என் எண்ணம். எனினும் சோட்டோ இருந்திருந்தால் 2023-இல் எத்தனை ஆட்டம் வென்றிருப்போம் என்று கேட்கும் நண்பருக்கு, இன்னும் சில வெற்றிகள் என்பதற்கு மேல் உறுதியாகச் சொல்ல எனக்கு ஆதாரமில்லை.

மேரிலாந்தில் பிறந்த ஆறடி ஏழங்குல வுட், 2025-இல் 30 ஹோம் ரன்களுக்கு மேல் அடித்தார். அதே ஆண்டு ஜூன் 29 அன்று அவரிடம் பந்தெறியத் துணியாமல் எதிரணி ஒரே ஆட்டத்தில் நான்கு முறை வேண்டுமென்றே முதல் பேஸுக்கு அனுப்பியது. அந்த எதிரணி ஏஞ்சல்ஸ். அவர் மேஜர் லீகுக்கு வந்தது 2024 ஜூலை 1 அன்று, ஆகவே 2030 பருவத்தோடு அவர்மீதான உரிமை முடிகிறது. 2028 கோடையில் அவருக்கு மீதமிருக்கப்போவது, 2022-இல் சோட்டோவுக்கு இருந்த அதே இரண்டரைப் பருவங்கள். அதற்குள் அவரும் புதிய நிர்வாகமும் நீண்ட ஒப்பந்தத்துக்கு இசைந்தால் என்னைவிட மகிழ்பவர் இருக்க மாட்டார். இசையாவிட்டால் அந்தக் கோடையிலேயே அவருக்கு விலைபேச வேண்டும் என்றுதான் சொல்வேன். என் மகளுக்கு அவருடைய 29-ஆம் எண் சட்டையைச் சென்ற பருவத்தில் வாங்கிக் கொடுக்கும்போது அவளிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன்.