கைத்தச்சு கற்க முதலில் எந்தப் புத்தகம்?

கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலைக்கு வருகிறவர்கள் பத்மநாபபுரம் அரண்மனையின் பூமுகம் என்ற முகப்பு மண்டபத்தில் அண்ணாந்து நிற்பார்கள். மரக்கூரையில் செதுக்கிய 90 பூக்கள், ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. அப்படி நின்றுவிட்டு வந்த ஒரு தம்பி, கைக்கருவியால் மரவேலை கற்க எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்டான். என் அலமாரியில் இருப்பவற்றை வைத்துச் சொல்கிறேன். எல்லாம் ஆங்கிலப் புத்தகங்கள்தான்.

முதலில் ராபர்ட் வேரிங்கின் 'தி எசென்ஷியல் உட்வொர்க்கர்'. 1988இல் வந்தது, 2010இல் மறுபதிப்பு. பலகையின் ஒரு முகத்தைச் சமமாக இழை. அதற்குச் செங்கோணமாக, மூலைமட்டம் சேர்கிற மாதிரி ஓர் ஓரத்தை இழை. இரண்டிலும் அடையாளம் போடு. இனி எந்த அளவும் அங்கிருந்தே. இதைத்தான் அவர் அடித்தளமாக வைக்கிறார். என் பாட்டா (தாத்தா) இதை எனக்கு வாயால் சொன்னதில்லை, கையால் செய்துகாட்டியிருக்கிறார், எனக்குத்தான் பிடிபடவில்லை. நான் முதலில் செய்த மேசை முறுக்கிக்கொண்டு நின்றதற்குக் காரணம், சட்டங்களை இரண்டு பக்கத்திலிருந்தும் அளந்ததுதான். அது வேரிங்கைப் படித்த பிறகே புரிந்தது. மேசைக்காலில் கழுந்தும் (துளைக்குள் நுழையும் நீட்டு முனை) துளையும், பிறகு பெட்டி, பிறகு இழுப்பறை என்று வேலை படிப்படியாகப் போகும். எங்கே எதைச் செய்வதென்று கோட்டுப்படங்களே காட்டிவிடும். ஒரே சிக்கல், பிடிகருவி பொருத்திய உயர மேசை இருப்பதாக எண்ணியே அவர் எழுதுகிறார்.

தோஷியோ ஓடாத்தேயின் ஜப்பானியக் கருவிகள் பற்றிய புத்தகம் (1984) வேறு ரகம். ஜப்பானில் இழுப்புக்கதவு செய்பவரிடம் எடுபிடியாக இருந்து தொழில் கற்று, பிறகு அமெரிக்கா போனவர் அவர். அந்த நாட்டு அறுப்புவாளும் இழைப்புளியும் தள்ளும்போது அல்ல, இழுக்கும்போதுதான் வெட்டும். அந்தப் படங்களை எங்கள் தெரு ஆசாரியிடம் காட்டினேன். பலகையைக் கால்விரலால் அழுத்திப் பிடித்துத் தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் அவர். "இது நம்ம இருப்புதானே மக்களே" என்று பக்கத்தைத் திருப்பவே விடவில்லை. தீட்டுவது பற்றி இவ்வளவு பொறுமையாக எழுதிய இன்னொரு புத்தகம் என்னிடம் இல்லை. உளியின் பின்முகத்தைத் தட்டையாக்காமல் முனையை மட்டும் தீட்டிப் பயனில்லை என்பதை மனதில் பதியும்படி சொல்கிறார். ஆனால் படித்த சூட்டில் அந்த மெல்லிய வாளை வாங்கிவிடாதீர்கள். அது பெரும்பாலும் மென்மரத்துக்குப் பழகியது. நம் கைக்கு வருவதோ அயினி (காட்டுப்பலா), பலா, தேக்கு. தேக்கில் இருக்கும் மணற்சத்து எந்த முனையையும் சீக்கிரம் மழுக்கும்.

1839இல் பெயர் போடாமல் ஒருவர் எழுதிய 'தி ஜாயினர் அண்ட் கேபினட் மேக்கர்' கதைப் புத்தகம் போல ஓடும். தாமஸ் என்ற பையன் பட்டறையில் சேர்ந்து, ஆணியடித்த பெட்டி, புறா வால் வடிவப் பற்களால் கோத்த பெட்டி, இழுப்பறை அலமாரி என்று மூன்று வேலைகளில் வளர்கிறான். பள்ளிப் பிள்ளை கையில் கொடுக்க இதுதான் சரி. கிறிஸ்டோபர் ஷ்வார்ஸின் 'தி அனார்க்கிஸ்ட்ஸ் டூல் செஸ்ட்' (2011) ஏறக்குறைய 50 கருவிகளைப் பரிந்துரைக்கும். ஏழெட்டுக் கருவி கையில் பழகிய பிறகு படிக்கலாம்.

நம் பக்கத்து நூல் இல்லையா என்று கேட்பீர்கள். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண்ணில் 'மனுஷ்யாலய சந்திரிகா' என்ற கேரள வாஸ்து நூலை விட முடியாது. ஆனால் அது வீட்டின் அளவையும் அமைப்பையும் சொல்வது. பழைய சமஸ்கிருதக் கட்டடக்கலை நூலான 'மயமத'த்தில் மரம் இணைப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. இரண்டுமே தொழில் தெரிந்தவனுக்கு எழுதியவை; உளி பிடிக்கத் தெரியாதவனுக்கு அல்ல.

அதனால் தம்பிக்கு வேரிங்கைத்தான் வாங்கச் சொன்னேன். வேரிங் சொல்லும் உயர மேசைக்குப் பதிலாக மட்டும் ஓடாத்தேயிடம் வழி இருக்கிறது: ஒரு தடித்த கட்டையின் ஒரு முனையைத் தாங்கியில் ஏற்றிச் சாய்த்து வைத்து, பலகை நழுவாமல் ஒரு முட்டு அடித்தால் போதும். ஆசாரியிடம் கேட்டு அயினித் துண்டு ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறான், முதல் முகத்தை இழைக்க.