‘ஒட்டுத் தெரியாத உலோக வெக்டர்’ என்று விற்கப்படும் கோப்புகள்: வாங்குமுன் ஓர் எச்சரிக்கை

உலோகத் தோற்றம் தரும் பேட்டர்ன்கள் (திரும்பத் திரும்ப அடுக்கிப் பரப்பை நிரப்பும் வடிவங்கள்) அடங்கிய தொகுப்பு ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினேன். அவை முழுவதும் வெக்டர் (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத, கோடுகளாலும் வடிவங்களாலுமான வரைபடம்) என்றும், எப்பக்கம் அடுக்கினாலும் ஒட்டுத் தெரியாது என்றும் விற்பவர் உறுதி கூறியிருந்தார். இரண்டுமே உண்மையில்லை. இதே வகைக் கோப்புகள் வேறு வேறு பெயர்களில் விற்பனைக்கு வருவதால், விற்றவரின் பெயரைவிட ஏமாற்று எப்படிச் செய்யப்படுகிறது என்பதை எழுதுவதே பயன்படும் என்று நினைக்கிறேன்.

சுவரளவு அச்சிட வேண்டிய ஒரு பலகையின் பின்னணிக்காகவே இவற்றை வாங்கினேன். ஏஐ (அடோபி இல்லஸ்ட்ரேட்டர் வரைகலை மென்பொருளின் கோப்பு வடிவம்), இபிஎஸ், எஸ்விஜி என மூன்று வடிவங்களிலும் கோப்புகள் இருந்தன. ஆனால், இந்த மூன்று வடிவங்களும் தமக்குள் சாதாரணப் பிக்சல் படத்தையும் வைத்துக்கொள்ளக்கூடியவை என்பதால், கோப்பின் பின்னொட்டு எதையும் நிரூபிப்பதில்லை. இல்லஸ்ட்ரேட்டரில் திறந்து பெரிதாக்கியதும் சதுரம் சதுரமாகப் பிக்சல்கள் தெரிந்தன. ‘கன்ட்ரோல்’ விசையுடன் ‘ஒய்’ அழுத்தி நிறங்களை விட்டுக் கோடுகளை மட்டும் காட்டும் அவுட்லைன் பார்வைக்கு மாற்றியபோது, தேய்த்த எஃகின் நுண்கோடுகள் நூற்றுக்கணக்கில் தெரிய வேண்டிய இடத்தில் ஒரே ஒரு செவ்வகம் நின்றது. கோப்பிலுள்ள படங்களைப் பட்டியலிடும் லிங்க்ஸ் பேனலில் அது உட்பொதித்த படம் என்றே பதிவாகியிருந்தது. எஸ்விஜி கோப்பை எழுத்துத் திருத்தியில் திறந்தால், ஓர் ‘இமேஜ்’ குறிச்சொல்லும் அதைத் தொடர்ந்து பிக்சல் படத்தை எழுத்துகளாக மாற்றிய முடிவில்லாத பேஸ்64 குவியலும்தான்.

சில கோப்புகள் அவுட்லைன் பார்வையில் தேறின. அவற்றைத்தான் நான் அதிகம் கண்டிக்கிறேன். ஏதோ ஒரு புகைப்படத்தை படத்தைத் தானாக வெக்டராக்கும் இமேஜ் ட்ரேஸ் கருவிக்குள் செலுத்தி, அது கக்கிய ஆயிரக்கணக்கான துண்டுகளை அப்படியே சேமித்திருக்கிறார்கள். பெயரளவில் அது வெக்டர்தான். ஆனால் ஸ்வாட்சாக (வடிவங்களை நிரப்பச் சேமித்து வைக்கும் மாதிரியாக) மாற்றி ஒரு பெரிய வடிவத்தில் நிரப்பியதும் கணினி திணறுகிறது. ஒரு நிறத்தை மாற்ற நினைத்தால் எந்தத் துண்டைத் தொடுவது என்றே புரிவதில்லை. இன்னொரு கோப்பில் சாம்பல் செவ்வகத்தின் மீது ‘கிரெய்ன்’ (மணி மணியான தோற்றம் தரும்) விளைவை ஏற்றியிருந்தார்கள். அது ராஸ்டர் விளைவு, அதாவது பிக்சல்களாகவே உருவாவது. ஆவணத்தின் ராஸ்டர் அமைப்பு 72 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 72 பிக்சல்கள்) என்றிருந்ததால் அச்சில் மங்கலாகவே வரும். 300 ஆக உயர்த்தினால் தெளிவு கூடலாம், ஆனால் மணிகளின் தோற்றமே மாறிவிடும்.

ஒட்டு விஷயத்துக்கு வருகிறேன். விற்பனைப் பக்கத்தில் எல்லா மாதிரிப் படங்களும் ஒரே ஒரு டைலைத்தான் (அடுக்குவதற்கான ஒற்றைத் துண்டை) காட்டின. இடமிருந்து வலமாகக் கருமையிலிருந்து வெளிச்சத்துக்குப் போகும் கிரேடியன்ட் தனி டைலில் உண்மையான உலோகம் போலவே மின்னும். அடுத்தடுத்து வைத்தால், வெளிச்சம் முடியும் இடத்தில் கருமை திடீரெனத் தொடங்கி, பலகை முழுவதும் பட்டை பட்டையாகத் தெரியும். கிரேடியன்ட்டின் இரு முனைகளிலும் ஒரே நிறம் இருந்தாலே இது நேராது. விளிம்பைக் கடக்கும் கீறல்களையும் அவர்கள் வெட்டி விட்டிருந்தார்களே தவிர, மறுபக்கத்தில் தொடரவில்லை. இங்கே ஒரு நியாயமும் சொல்ல வேண்டும்: ஜூம் அளவை மாற்றும்போது தோன்றி மறையும் மெல்லிய வெள்ளைக் கோடு பெரும்பாலும் திரையின் விளிம்பு மென்மையாக்கத்தால் வருவது, அது விற்பவரின் குற்றமன்று. எந்த ஜூமிலும் அதே இடத்தில் நிற்பதுதான் உண்மையான ஒட்டு.

புகார் செய்தபோது, என் மென்பொருளின் கோளாறு என்று முதலில் பதில் வந்தது. அவுட்லைன் பார்வையின் திரைப்பிடிப்பை அனுப்பிய பிறகு, பதிவிறக்கிய பொருளுக்குப் பணம் திரும்பாது என்ற விதியை மேற்கோள் காட்டினார்கள். விற்பனைத் தளமோ, கோப்பு திறக்கிறது, ஆகவே குறையில்லை என்று முடித்துவிட்டது. தண்ணீர் கலந்த பாலைப் பாத்திரம் ஒழுகவில்லை என்பதற்காக நல்ல பால் என்று சொல்வதைப் போன்ற தீர்ப்பு அது.

இத்தனைக்கும் நேர்மையாகச் செய்வது கடினமான வேலையன்று. பின்னணிச் செவ்வகத்தின் மேல் நுண்கோடுகளை வரைந்து, இடது விளிம்பைத் தாண்டும் ஒவ்வொரு கோட்டையும் ‘மூவ்’ கட்டளையால் டைலின் அகலம் அளவுக்குத் துல்லியமாக நகர்த்திப் பிரதியெடுத்து, எல்லாவற்றுக்கும் அடியில் நிறமோ கோடோ இல்லாத ஒரு செவ்வகத்தை எல்லையாக வைத்து ஸ்வாட்ச் பேனலுக்குள் இழுத்துவிட்டால் போதும். இல்லஸ்ட்ரேட்டரில், 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்பிலிருந்து ‘பேட்டர்ன்’ மெனுவில் உள்ள ‘மேக்’ கட்டளை, சுற்றியுள்ள பிரதிகளையும் காட்டியபடியே திருத்த விடுகிறது. எஸ்விஜியில், ஒழுங்கற்ற இரைச்சல் தோற்றத்தை உருவாக்கும் ‘டர்புலன்ஸ்’ வடிகட்டியாலும் தேய்த்த உலோகம் வரும்: கிடைமட்ட அதிர்வெண்ணைக் குறைத்துச் செங்குத்து அதிர்வெண்ணைக் கூட்டினால் இரைச்சல் நீண்ட கீறல்களாகிறது. அதுவும் இறுதியில் பிக்சலாகத்தான் வெளிப்படும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளிலிருந்து பிடிஎஃப் ஆக்கும்போது படமாகவே மாறும். அப்படிச் செய்பவர் அதை விற்பனைக் குறிப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

எனவே, பணம் செலுத்துமுன் இரண்டு படங்களைக் கேளுங்கள்: குறுக்கே மூன்றும் நெடுக்கே மூன்றுமாக டைல்களை அடுக்கிய மாதிரி ஒன்று, அதே டைலின் அவுட்லைன் பார்வை மற்றொன்று. முறையாக வரைந்தவருக்கு இவற்றை எடுத்து அனுப்ப அதிக நேரம் ஆகாது. எனக்கு விற்றவரிடம் புகாரின்போது இவ்விரண்டையும் கேட்டிருந்தேன். அதன் பிறகு அவரிடமிருந்து பதிலே இல்லை.