4,700 ரூபாய் கிட்டார்: ஓராண்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

தூத்துக்குடியில் எங்கள் தேவாலயப் பங்கின் பாடகர் குழுப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மாலைகளில் கிட்டார் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அவர்கள் தோளில் சுமந்து வருபவை பெரும்பாலும் 3,500 ரூபாயிலிருந்து 6,000 ரூபாய்க்குள் இணையத்தில் வாங்கிய கிட்டார்கள். இந்த மதிப்புரை அவற்றுள் ஒன்றைப் பற்றியது. எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவிக்கு அவளுடைய அப்பா சென்ற ஆண்டு 4,700 ரூபாய்க்கு வாங்கிக்கொடுத்த 38 அங்குல அகௌஸ்டிக் கிட்டார் அது. பை, ஒரு செட் மாற்றுக் கம்பிகள், கம்பியை மீட்டும் சிறு வில்லைகளான பிக்குகள் மூன்று, தோளில் மாட்டும் பட்டை எல்லாம் அந்த விலைக்குள் அடக்கம். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இந்த விலையில் வெவ்வேறு பெயர்களோடு என்னிடம் வந்த ஏழெட்டுக் கிட்டார்களிலும் ஏறத்தாழ இதே குணங்களையும் இதே குறைகளையும் கண்டேன் என்பதால், பெயரைவிட அந்தக் குறைகளின் காரணமே வாங்குகிறவர்களுக்குப் பயன்படும்.

இந்த மாணவி வகுப்புக்கு வந்த மூன்றாவது வாரமே, கிட்டாரைப் பையிலிருந்து எடுக்கத் தயங்கினாள். குழுவில் இன்னொரு பையன் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள கிட்டார் வைத்திருந்தான். தன் கிட்டாரின் தலைப்பகுதியில் அச்சிட்டிருந்த பெயரின்மேல் அவள் ஒரு மாதா படத்தை ஒட்டி மறைத்திருந்தாள். பக்தியால் ஒட்டியிருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். "எனக்கு வராது சார், என் விரலு சின்னது" என்று அவள் சொன்னபோது கையை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். இடக்கையின் நான்கு விரல்நுனிகளிலும் கம்பியின் தடம் ஆழமாகப் பதிந்து, அந்தத் தடத்துக்குள் துருவின் கறுப்பு ஏறியிருந்தது. மூன்று வாரமாக ஒரு நாளும் விடாமல் பயிற்சி செய்தவளின் விரல்கள் அவை. உழைப்பில் குறை இல்லாதபோது குறை வேறெங்கோ இருக்க வேண்டும் என்று அன்றைக்கே அவளுடைய கிட்டாரை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தேன்.

ஃப்ரெட் என்பவை கிட்டாரின் கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகப் பட்டைகள். எஃகு அளவுகோலை 12-ஆம் ஃப்ரெட்டின் மேல் நிறுத்தி அளந்தபோது, எல்லாவற்றிலும் தடித்த ஆறாவது கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே நான்கரை மில்லிமீட்டர் இருந்தது. கிட்டார்காரர்கள் இந்த இடைவெளியை ஆக்‌ஷன் என்பார்கள். அகௌஸ்டிக் கிட்டாரில் அது தடித்த கம்பிக்கு இரண்டரை மில்லிமீட்டரை ஒட்டியும், மெல்லிய கம்பிக்கு இரண்டை ஒட்டியும் இருந்தால் கைக்கு இதமாக இருக்கும். நான்கரை என்பது, பல ஆண்டுகளாக வாசிக்கும் என் விரல்களுக்கே பத்து நிமிடத்தில் வலி தரும் உயரம். வலியோடு போனாலும் பரவாயில்லை. கம்பி உயரமாக இருக்கும்போது அதை அழுத்த அழுத்த அது கூடுதலாக இழுபட்டு, சுருதியும் ஏறிவிடுகிறது. அதனால்தான் இந்தப் பெண் கைப்பேசியில் டியூனர் செயலியை வைத்து ஆறு கம்பிகளையும் துல்லியமாகச் சுருதி சேர்த்த பிறகும் அவளுடைய கார்டுகள், அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டும் ஒலிகள், பிசிறடித்தன. தன் காதும் சரியில்லை என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். அவள் காது சரியாக இருந்ததால்தான் அந்தப் பிசிறு அவளுக்கே கேட்டது என்பதை அவளுக்குப் புரியவைக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

இதைவிடக் கொடுமையானது நட்டின் உயரம். தலைப்பகுதிக்கும் முதல் ஃப்ரெட்டுக்கும் நடுவே கம்பிகளைத் தாங்கி நிற்கும் அந்தச் சிறு வெள்ளைப் பட்டையில், கம்பி உட்காரும் பள்ளங்களைப் போதிய ஆழத்துக்கு அறுக்காமலே இந்த விலைக் கிட்டார்களை அனுப்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு பள்ளத்தையும் தனித்தனியாக அளந்து அறுக்க ஆளும் நேரமும் வேண்டும். கொஞ்சம் கூடுதலாக அறுத்துவிட்டால் கம்பி ஃப்ரெட்டில் இரையும் என்பதால், உயரமாகவே விட்டுவிடுவது தொழிற்சாலைக்குப் பாதுகாப்பு. இதைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு கம்பியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் அந்தக் கம்பிக்கும் இடையே பார்த்தால் ஒரு தாளின் கனத்துக்குத்தான் இடைவெளி தெரிய வேண்டும். இவளுடைய கிட்டாரில் ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தது.

கிட்டார் கற்பவர்களில் எத்தனையோ பேர் F மேஜர் என்ற ஒரே கார்டில் நின்றுபோய்விடுகிறார்கள். ஆட்காட்டி விரலால் முதல் ஃப்ரெட்டில் ஆறு கம்பிகளையும் ஒருசேர அழுத்த வேண்டிய கார்டு அது. நட் உயரமாக இருந்தால், கழுத்தின் மற்ற எந்த இடத்தையும்விட அந்த முதல் ஃப்ரெட்டில்தான் அதிக விசை கொடுக்க வேண்டியிருக்கும். தனக்குக் கிட்டார் கைவராது என்று முடிவுசெய்து கருவியை மூலையில் சாய்த்து வைத்துவிட்டவர்கள் இதைப் படித்தால், ஒரே ஒரு முறை அந்தத் தாள் சோதனையைச் செய்து பார்க்கும்படி மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் ஊரில் ஆர்மோனியம் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கிட்டார் கடைகளில் செட்டப் என்று சொல்லும் வேலையை அவர் அந்தப் பெயர் சொல்லாமலே செய்து தருவார். கருவியைக் கையில் வாங்கியவர் கம்பிகளைப் பக்கவாட்டில் ஒரு முறை பார்த்தார். "பிள்ளை விரல்ல குத்தம் இல்ல சார், கம்பி மச்சுல ஏறி நிக்குது" என்றார். பக்கத்தில் நின்ற மாணவியின் முகத்தில் மூன்று வாரத்தில் முதல்முறையாக ஒரு தெளிவு வந்ததை அன்று பார்த்தேன்.

அவர் செய்த வேலையை விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் நிதானமுள்ள எவரும் இதில் பாதியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கம்பிகளைக் கழற்றிவிட்டு, கிட்டாரின் முகப்பில் கம்பிகள் முடியும் பிரிட்ஜ் என்ற மரக்கட்டையின் பள்ளத்தில் செருகியிருந்த சாடிலை, அதாவது கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டையை, வெளியே எடுத்தார். மேல்விளிம்பை விட்டுவிட்டு அடிப்பாகத்தில் பென்சிலால் கோடு போட்டார். கண்ணாடித் துண்டின்மேல் 220 எண் உப்புத்தாளை விரித்து, சாடிலைச் செங்குத்தாகப் பிடித்து முன்னும் பின்னுமாகத் தேய்த்தார். 12-ஆம் ஃப்ரெட் கம்பியின் நட்ட நடுவில் இருப்பதால், அங்கே ஒரு மில்லிமீட்டர் தாழ வேண்டுமானால் சாடிலில் இரண்டு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். மூன்று மில்லிமீட்டர் தேய்த்ததும் நிறுத்திக்கொண்டார். சாடில் பிரிட்ஜுக்கு மேலே போதிய அளவு நீட்டிக்கொண்டிருக்காவிட்டால் கம்பி அதன்மேல் அழுந்தி வளையாமல் ஓசை செத்துப்போகும். ஆகவே ஆறாவது கம்பி மூன்று மில்லிமீட்டரில் வந்து நின்றது. மிகச் சிறந்த அளவு அதுவல்ல, ஆனால் நான்கரைக்கும் மூன்றுக்கும் உள்ள வேறுபாடு விரலுக்குத்தான் தெரியும். நட்டின் பள்ளங்களை மெல்லிய அரத்தால் நாலைந்து இழுப்பு இழுப்பதும் மறுபடி கம்பியை மாட்டிப் பார்ப்பதுமாக ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். இந்த வேலையை மட்டும் வீட்டில் செய்ய வேண்டாம். சாடில் கெட்டுப்போனால் சொற்ப விலையில் இன்னொன்று வாங்கித் தேய்த்துக்கொள்ளலாம். நட்டில் ஒரு பள்ளம் ஆழமாகிவிட்டால், எங்கும் அழுத்தாமல் மீட்டும் திறந்த கம்பி இரைந்துகொண்டே இருக்கும். கழுத்தோரத்தில் உள்ளங்கையைக் கீறிக்கொண்டிருந்த ஃப்ரெட் முனைகளையும் அதே அரத்தால் உருட்டிவிட்டார். கூலியாக 350 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

கம்பிகளையும் மாற்றினோம். கிட்டாரோடு வந்தவை கடற்காற்றில் மூன்று வாரத்திலேயே சொரசொரத்துவிட்டன, பையிலிருந்த மாற்று செட்டும் அதே ரகம். புதிதாக 450 ரூபாய்க்கு 10 என்று தொடங்கும் மெல்லிய செட் ஒன்றை வாங்கினேன். அந்த எண் செட்டின் மிக மெல்லிய கம்பியின் கனத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளில் சொல்வது. வழக்கமான நீளமுள்ள கிட்டாரில் 12 என்று தொடங்கும் செட் ஆறு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். 10 என்று தொடங்குவது அதைவிடப் பத்துக் கிலோவுக்கு மேல் குறைவாகவே இழுக்கும். விரலுக்கு மட்டுமல்ல, இந்தக் கிட்டாரின் கழுத்துக்கும் அது நல்லது. கழுத்தின் வளைவைத் திருகிச் சரிசெய்ய அதற்குள் வைக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டு இதில் இல்லை என்பதுதான் இந்தக் கருவியின் மிகப் பெரிய குறை. கழுத்து நாளடைவில் முன்னோக்கி வளைந்தால் நிமிர்த்த வழியில்லை. முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் கம்பியை அழுத்திக்கொண்டு நடுவில் ஏழாம் ஃப்ரெட்டருகே பார்த்தபோது மெல்லிய ஓர் இடைவெளிதான் தெரிந்தது. ஓராண்டு கழித்துச் சென்ற வாரம் பார்த்தபோதும் அது அப்படியேதான் இருந்தது. கருவியை வெயிலில் நிற்கும் காரிலோ மொட்டைமாடி அறையிலோ விட்டுவைக்காமல் அவள் பார்த்துக்கொள்வதற்கு இதில் பெரும்பங்கு உண்டு.

ஓசையைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். முகப்புப் பலகை ஒட்டுப்பலகைதான். முழு மரத்தில் செய்த கிட்டாரின் ஆழமும் நீண்டு ஒலிக்கும் கார்வையும் இதில் கிடையாது. தடித்த கம்பிகள் சற்று மந்தமாகவே ஒலிக்கின்றன. ஆனால் பாடுகிறவர்களுக்குப் பின்னணியாகத் தாளம் போட இது தாராளமாகப் போதும். இன்னொன்றையும் கடலோர ஊர்க்காரனாகச் சொல்ல விரும்புகிறேன். மழைக்காலத்து ஈரத்தில் முழு மரப் பலகை உப்புகிறது, கோடையில் சுருங்குகிறது, கவனிக்காவிட்டால் வெடிப்பும் விடுகிறது. மரத்தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒட்டிய பலகை அந்த அளவுக்கு அசைவதில்லை. இருபதாயிரம் ரூபாய்க் கிட்டார் வைத்திருக்கும் பையன் ஐப்பசி மழையில் அதற்கென ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு அலைந்தபோது, இவளுடைய கிட்டார் கட்டில் ஓரத்தில் பைக்குள் நிம்மதியாக இருந்தது.

விலை குறைந்த கிட்டாரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு எலிசபெத் காட்டன் நினைவுக்கு வருகிறார். அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்த அந்தக் கறுப்பினப் பெண்மணி, சிறுமியாக இருந்தபோது பிறர் வீட்டில் வேலை செய்த கூலியைச் சேர்த்துவைத்து, 3 டாலர் 75 சென்ட்டுக்கு ஸ்டெல்லா என்ற மலிவு ரகக் கிட்டார் ஒன்றை வாங்கினார். அவர் இடக்கைக்காரர். கம்பிகளை மாற்றிக் கட்டாமல், வலக்கைக்காரர்களின் கிட்டாரை அப்படியே திருப்பிப் பிடித்துக்கொண்டு, பெருவிரலால் மெல்லிய கம்பிகளில் மெட்டையும் மற்ற விரல்களால் தடித்த கம்பிகளில் அடித்தளத்தையும் வாசித்தார். அந்த முறைக்கு இன்று அவர் பெயராலேயே காட்டன் பாணி என்று பெயர். இடையில் பல பத்தாண்டுகள் கிட்டாரைத் தொடாமல் இருந்து, முதிய வயதில் மறுபடி கையிலெடுத்து, 1985-இல் கிராமி விருதும் பெற்றார். இந்தக் கதையை நான் சொல்லிக் கேட்ட மறுவாரம், தலைப்பகுதியில் ஒட்டியிருந்த மாதா படத்தை இந்த மாணவி எடுத்துக் கிட்டார் பையின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். நான் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள் உண்டு. கருவி வீட்டுக்கு வந்த அன்றே, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், தலைப்பகுதியிலிருந்து கழுத்தின் நீளத்துக்கு ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். கழுத்து ஒரு பக்கமாக முறுக்கியிருந்தாலோ, பிரிட்ஜின் பின்விளிம்பு பலகையிலிருந்து விட்டு, இடுக்கில் தாள் நுழைந்தாலோ தயங்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள். அவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு கருவியின் விலையைத் தொட்டுவிடும். 12-ஆம் ஃப்ரெட்டில் கம்பியை மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியும், அதே இடத்தில் அழுத்தி வாசிக்கும் ஒலியும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஆக்‌ஷனைத் தாழ்த்திய பிறகும் அவை வெகுவாக விலகி நின்றால், அந்தக் கருவியோடு போராட வேண்டாம். மற்றபடி உயர்ந்த கம்பி, துருப்பிடித்த கம்பி, கூரான ஃப்ரெட் முனை ஆகியவற்றுக்காக யாரும் கிட்டாரையோ தன்னையோ நொந்துகொள்ள வேண்டியதில்லை. கருவிக்கு 4,700, கம்பிக்கு 450, கூலிக்கு 350 என மொத்தம் 5,500 ரூபாயில் ஒரு குழந்தை மூன்று நான்கு ஆண்டுகள் கற்றுக்கொள்ளத் தகுந்த கிட்டார் எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. இந்தத் தொகைக்கு நான் முழு மனத்தோடு பரிந்துரைக்கிறேன்.

சுருதி நிற்பதில்லை என்ற புகாரும் முதலில் இருந்தது. கம்பியை, தலைப்பகுதியில் அதை முறுக்கும் திருகான டியூனிங் கீயில் இரண்டு மூன்று சுற்றுகள் ஒழுங்காகச் சுற்றி, புதுக் கம்பியைக் கையால் இழுத்துத் தளர்வெடுத்து, நட்டின் பள்ளங்களில் பென்சில் கரியைத் தேய்த்ததும் ஐந்து கம்பிகள் வழிக்கு வந்துவிட்டன. மூன்றாவது கம்பியின் கீ மட்டும் பல் தேய்ந்து இன்னும் நழுவுகிறது. இரண்டு பாடல்களுக்கு ஒரு முறை அவள் அதைத் திருகிக்கொண்டுதான் வாசிக்கிறாள். ஆறு கீகளும் கொண்ட புது செட் 600 ரூபாய் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார், கிறிஸ்துமஸ் பாடல் பயிற்சி தொடங்குவதற்கு முன் மாற்றிவிடுவோம்.